ஒரு ‘டிக்’கின் கதை – 7: டிரைவர் வராத நாள்

போன வாரம் உங்களைப் புல்லட் ரயிலில் பாதி வழியில் உட்கார வைத்துவிட்டு நான் பாட்டுக்கு இறங்கிப் போய்விட்டேன். அந்த ஆள் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு அப்படி என்னதான் செய்தார்? ஒரு வாரமாக இதையே கேட்டுக்கொண்டிருந்திருப்பீர்கள். பதில் ஒரே வரி.

ஒன்றும் செய்யவில்லை.

கணக்குப் போடவில்லை. வரவு செலவு பார்க்கவில்லை. பயணம் நீளம், பொழுது போகவில்லை, கையில் கால்குலேட்டர் இருந்தது. பட்டன்களைத் தட்டிக்கொண்டே வந்தார். அவ்வளவுதான்.

பார்த்துக்கொண்டிருந்த நின்டெண்டோ பொறியாளர் குன்பெய் யோகோய்க்கு மட்டும் அது அவ்வளவோடு முடியவில்லை. ஒரு பெரிய மனிதர், ஆபீஸ் போகிறவர், சும்மா இருந்தால் விரலுக்கு ஏதாவது வேலை தேடுகிறார். ஆனால் அவர் கையில் ஒரு விளையாட்டுச் சாமானைக் கொடுத்துப் பாருங்கள். தொட மாட்டார். நாலு பேர் பார்ப்பார்களே!

யோகோய் பிடித்துக்கொண்டது அந்த வெட்கத்தைத்தான்.

வெட்கப்படுகிறவன் எப்படி விளையாடுவான்? மறைத்து வைத்து விளையாடுவான். ரயிலில் உட்கார்ந்திருக்கிறவரின் கைகளைக் கவனியுங்கள். இரண்டும் தானாக மடியில் வந்து சேரும். அந்த இரண்டு கைக்குள் அடங்கும்படி கால்குலேட்டர் அளவில் ஒரு விளையாட்டு இருந்தால், எட்டு விரல்கள் அதை மூடிப் பிடித்துக்கொள்ளும். அசைய வேண்டியது இரண்டு கட்டைவிரல்கள் மட்டும். பக்கத்தில் இருப்பவருக்கு அவர் சும்மா குனிந்து உட்கார்ந்திருப்பதுபோல்தான் தெரியும்.

பிரமாதமான யோசனை. ஒரே ஒரு சிக்கல்.

நின்டெண்டோவில் யோசனை வருவது பெரிய விஷயமில்லை. அதை முதலாளி ஹிரோஷி யமவுச்சியின் காதில் போடுவதுதான் பெரிய விஷயம்.

யமவுச்சியை நமக்குத் தெரியும். 22 வயதில், கொள்ளுத் தாத்தா தொடங்கிய சீட்டுக்கட்டுக் கம்பெனியின் தலைமையில் வந்து உட்கார்ந்தவர். உடனடிச் சோறு விற்றுப் பார்த்தார், டாக்சி ஓட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் அடிபட்டு, கடைசியில் பொம்மைக்கு வந்து சேர்ந்தவர். சிரிக்க மாட்டார். பாராட்ட மாட்டார். பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா என்பது முகத்தில் தெரியாது. அவர் அறைக்குள் நுழைந்து, ‘ரயிலில் ஒருவர் சும்மா கால்குலேட்டர் தட்டினார்’ என்று ஆரம்பிக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

யோகோய்க்கும் வரவில்லை. யோசனை மண்டைக்குள்ளேயே கிடந்தது.

அப்புறம் ஒரு நாள் முதலாளியின் டிரைவர் உடம்பு சரியில்லை என்று வரவில்லை.

யமவுச்சியின் கார் கேடிலாக். அமெரிக்க வண்டி, ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். ஜப்பானோ நம் ஊர் மாதிரி சாலையின் இடதுபுறம் வண்டி ஓட்டுகிற நாடு. அங்கே அந்த மாதிரி வண்டியை ஓட்டிப் பழகியவர்கள் குறைவு. ஒசாகாவில் முதலாளிக்கு முக்கியமான கூட்டம். யார் ஓட்டுவது? இடப்பக்க ஸ்டியரிங் பழகியவர் கம்பெனியிலேயே யார் இருக்கிறார்கள்?

ஒருவர் இருந்தார். வெளிநாட்டுக் கார் மோகம் கொண்டவர். பெயர் யோகோய்.

அவரைக் கூப்பிட்டார்கள்.

யோகோயின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். நாற்பதை நெருங்கும் வயது. மின் பொறியியல் பட்டம். ஒரு காலத்தில் சீட்டு அச்சடிக்கும் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர்தான். ஆனால் பொழுது போகாமல் செய்து வைத்த நீட்டல் கையை முதலாளி பார்த்து, அதுவே ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்ற பெயரில் பத்து லட்சத்துக்கு மேல் விற்று, அந்தப் புண்ணியத்தில் பொம்மைகளை வடிவமைக்கும் பிரிவின் தலைவரானவர். அவரைப் போய், ‘கொஞ்சம் காரை எடுங்கள்’ என்றால்?

சுருக்கென்று இருந்திருக்கிறது. இதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நான் டிரைவர் இல்லை, என் வேலை வேறு என்று முதலாளிக்குக் காட்ட வேண்டும் போலிருந்ததாம். அதற்கு ஒரே வழி, வண்டி ஓட்டிக்கொண்டே தொழில் பேசுவது.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். பெரிய கண்டுபிடிப்புகளுக்குப் பின்னால் தொலைநோக்கு, தியாகம் என்றெல்லாம் தேடுகிறோம். இங்கே இருந்தது கொஞ்சம் ரோஷம்.

கியோத்தோவிலிருந்து ஒசாகா ஐம்பது கிலோமீட்டர் இருக்கலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதலாளி எழுந்து போக முடியாது. போன் வராது. செக்ரட்டரி கதவைத் தட்ட மாட்டார். நின்டெண்டோவில் வேறு யாருக்கும் எளிதில் கிடைக்காத ஒரு மணி நேரம்.

யோகோய் வாயைத் திறந்தார்.

கால்குலேட்டர் அளவில் ஒரு விளையாட்டு செய்தால் நன்றாக இருக்கும் என்றார். இதுவரை விளையாட்டுச் சாமான் என்றால் பெரிதாக இருந்தால்தான் விற்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சின்னதாக, மெலிதாகச் செய்தால் ஆபீஸ் போகிற பெரியவர்கள்கூட வெளியே தெரியாமல் விளையாடுவார்கள் என்றார்.

யமவுச்சி ‘ம்… ம்…’ என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

ஒசாகா வந்தது. பிளாசா ஓட்டல் வாசலில் முதலாளி இறங்கி உள்ளே போனார். அவர் காதில் வாங்கினதாகவே யோகோய்க்குத் தோன்றவில்லை. ரோஷத்துக்குப் பேசினோம், பேசியாயிற்று. விட்டுத்தள்ளு!

ஆனால் கதை அந்த ஓட்டலுக்குள் போய்விட்டது. கூட்டத்தில் யமவுச்சிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அகிரா சயெகி. ஷார்ப் கம்பெனியின் தலைவர்.

ஷார்ப்! உலகத்திலேயே கால்குலேட்டர் செய்வதில் கரை கண்ட கம்பெனிகளில் ஒன்று. 1973-லேயே திரவப் படிகத் திரை வைத்த கால்குலேட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள். இப்போது அதே தொழிலில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. ஐந்தாம் அத்தியாயத்தில் பார்த்தோமே, கேசியோவும் ஷார்ப்பும் விலையை வெட்டி வெட்டிச் சண்டை போட்ட கதை. அந்தச் சண்டையில் கால்குலேட்டர் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய பொருளாகிவிட்டது. வாங்க வேண்டியவர்கள் எல்லாம் வாங்கி முடித்தாயிற்று. தொழிற்சாலை இருக்கிறது, திரை இருக்கிறது, சில்லு இருக்கிறது. இத்தனையையும் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது?

பக்கத்து நாற்காலிக்காரர், காரில் கேட்டதைச் சொன்னார்.

ஒரு வாரம் போனது. நின்டெண்டோ வாசலில் ஷார்ப் கம்பெனியின் பெரிய தலைகள் வந்து இறங்கின. யோகோய்க்கு அழைப்பு. எதற்கென்று தெரியாமல் போனார். கால்குலேட்டர் அளவில் விளையாட்டு வேண்டும் என்றாயே, அதற்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று யமவுச்சி சொன்னபோதுதான் அவருக்கு உறைத்தது.

மனிதர் அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு வார்த்தையைக்கூடத் தவற விடவில்லை.

1980 ஏப்ரல் 28. ‘கேம் அண்ட் வாட்ச்’ வரிசையின் முதல் சாமான் கடைக்கு வந்தது. பெயர் ‘பால்’. விலை 5,800 யென். திரையில் ஒரு வித்தைக்காரன் பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறான். இடது கட்டைவிரலுக்கு ஒரு பட்டன், வலது கட்டைவிரலுக்கு ஒன்று. விளையாடாதபோது மணி காட்டும். ஆபீஸ்காரருக்கு அது நல்ல சால்ஜாப்பு.

பட்டன்கள் ரப்பர்.

இந்த ரப்பரை நீங்கள் நன்றாக அறிவீர்கள். வேலை செய்யாத டிவி ரிமோட்டை உள்ளங்கையில் தட்டித் தட்டிப் பார்த்து, கடைசியில் பிரித்தே பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! உள்ளே முழுசாக ஒரு ரப்பர் விரிப்பு இருக்கும். ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் ஒரு சின்னக் குமிழ். குமிழின் அடிவயிற்றில் கறுப்பாக ஒரு புள்ளி. அது கரி கலந்த ரப்பர், மின்சாரம் அதன் வழியே போகும். கீழே சர்க்கியூட் பலகையில் சீப்புப் பற்கள் போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தும் ஒட்டாமலும் ஓடும் இரண்டு கோடுகள். அழுத்தினால் கறுப்புப் புள்ளி வந்து இரண்டையும் தொடும். தொட்டால் வேலை நடக்கும்.

விஷயம் குமிழின் சுவரில் இருக்கிறது. அந்தச் சுவரை மெலிதாகச் செய்திருப்பார்கள். விரல் அழுத்த அழுத்த முதலில் எதிர்க்கும். எதிர்ப்பு ஏறும். ஒரு கட்டத்தில் சுவர் சட்டென்று மடங்கும். எதிர்ப்பு திடீரென விழும். அந்த விழுகைதான் ‘அழுந்திவிட்டது’ என்று விரல் நமக்குச் சொல்லும் சேதி. சத்தமே வராது. மூன்றாம் அத்தியாயத்தில் பார்த்த ஹெச்பி-35 கால்குலேட்டரில் இதே வேலையை வளைந்த உலோகப் பட்டை செய்தது, நினைவிருக்கிறதா? உலோகம் மடங்கினால் ‘டிக்’ என்று காதுக்கும் கேட்கும். ரப்பர் மடங்கினால் விரலுக்கு மட்டும் தெரியும்.

ரயிலில் மறைத்து விளையாடப் போகிறவனுக்கு எது வேண்டும்? சொல்லவே வேண்டாம்.

ஆனால் பாருங்கள், வேடிக்கை. பட்டனை இத்தனை அடக்கமாகச் செய்தவர்கள், பந்து ஒவ்வொரு முறை நகரும்போதும் ‘பீப், பீப்’ என்று சாமானைக் கத்த விட்டார்கள்! அந்தச் சத்தத்தை அடக்க ஒரு சுவிட்ச்கூட இல்லை. 2010-ல் பழைய நினைவுக்காக ‘பால்’ விளையாட்டை நின்டெண்டோ மறுபடி செய்தபோதுதான் அதைச் சேர்த்தார்கள். முப்பது வருஷம் கழித்து!

வெட்கப்பட்ட பெரியவர்கள் என்ன செய்தார்களோ, வெட்கமே இல்லாத கூட்டம் ஒன்று சாமானைக் கொத்திக்கொண்டு போனது. குழந்தைகள். கடைகளில் சரக்கு நிற்கவில்லை.

இரண்டு பட்டன் இருந்த இடத்தில், சில விளையாட்டுகளுக்கு நான்கு பட்டன்கள் வந்தன. மூலைக்கு ஒன்று. அதுவரை பிரச்சினை இல்லை.

பிரச்சினை ஒரு குரங்கு ரூபத்தில் வந்தது.

1981-ல் வந்த ‘டாங்கி காங்’. யோகோயின் மேற்பார்வையில் ஷிகேரு மியமோட்டோ என்ற இளைஞர் உருவாக்கிய விளையாட்டு. கடைகளில் நிற்கும் பெரிய பெட்டி. பீப்பாய்களை உருட்டிவிடும் குரங்கு, ஏணி ஏறி வரும் மீசைக்காரத் தச்சன். அமெரிக்காவையே ஒரு கலக்குக் கலக்கியது. அதைக் கையடக்கமாகக் கொடு என்று கேட்பார்கள் என்பதைச் சொல்ல ஜோசியம் தேவையில்லை.

ஆனால் அந்தப் பெட்டியில் இருந்தது ஜாய்ஸ்டிக். தச்சன் இடம் போவான், வலம் போவான், ஏணியில் ஏறுவான், இறங்குவான். நாலு திசை. அதற்கு மேல் குதிக்க வேறு வேண்டும். குதிப்பதை வலது கட்டைவிரல் பார்த்துக்கொள்ளும். அப்படியானால் நாலு திசையும் இடது கட்டைவிரல் ஒன்றின் தலையில்.

கையடக்கச் சாமானில் ஜாய்ஸ்டிக்கை வைத்தால்?

வைக்க முடியாது. இந்த முறை சாமானுக்கு இரண்டு திரை. நடுவில் கீல் வைத்து, முகம் பார்க்கும் பவுடர் டப்பா மாதிரி மூடித் திறக்கும் வடிவம். உள்ளே குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் மூடி மூடாது.

சரி, நாலு பட்டன் வைத்தால்?

வைக்கலாம். கட்டைவிரல் ஒவ்வொரு முறையும் ஒரு பட்டனிலிருந்து எழுந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். தாவியது சரியான பட்டனில்தானா? குனிந்து பார்க்க வேண்டும். பீப்பாய் உருண்டு வருகிறது. பார்க்க நேரம் எங்கே? பார்த்தால் தச்சன் காலி.

கண் திரையை விட்டு நகரக் கூடாது. விரல் பட்டனை விட்டு எழக் கூடாது. எந்தத் திசையில் இருக்கிறோம் என்பது விரலுக்கே தெரிய வேண்டும்.

இங்கேதான் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டு பிறந்தது. கூட்டல் குறி வடிவம். நாலு கை, ஒரே துண்டு.

உங்களில் பலர் அதைத் தொட்டிருப்பீர்கள். எத்தனை முறை தொட்டாலும் கவனித்திருக்க மாட்டீர்கள். மேலே கட்டைவிரல் படும் இடத்தில் நாலு விளிம்புகள். கை நீண்டிருக்கும் பக்கம் திசை, இரண்டு கைக்கு நடுவே பள்ளம். கண்ணை மூடிக்கொண்டு வைத்தாலும் விரல் திசையைச் சொல்லிவிடும். வட்டமாகச் செய்திருந்தால் இந்தச் சேதி கிடைத்திருக்காது.

சாமர்த்தியம் அடியிலும் இருக்கிறது. துண்டின் நடுவயிற்றில் உருண்டையாக ஒரு புடைப்பு. அதன் மேல்தான் முழுச் சிலுவையும் சாய்ந்தாடும். இடது கையை அழுத்தினால் வலது கை மேலே எழும். அதனால் இடமும் வலமும் ஒரே நேரத்தில் அழுந்தவே அழுந்தாது. மனிதனும் குழம்ப மாட்டான், மெஷினும் குழம்பாது. ஒவ்வொரு கைக்கும் கீழே அதே பழைய ரப்பர், அதே கறுப்புப் புள்ளி. புதிதாக ஒரு நட்டுகூடக் கண்டுபிடிக்கவில்லை. பழகி விலை இறங்கிப்போன தொழில்நுட்பத்தை எடுத்து, யாரும் நினைக்காத இடத்தில் வைப்பதுதான் யோகோய் வாழ்நாள் முழுக்கச் சொன்ன சூத்திரம். அதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

யோகோய் என்றேன். இங்கே ஒரு சின்ன முடிச்சு. சிலுவைப் பட்டன் என்றால் எல்லோரும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். அமெரிக்கக் காப்புரிமை எண் 4,687,200-ஐ எடுத்துப் பாருங்கள். பலதிசை சுவிட்ச். உரிமையாளர் நின்டெண்டோ. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் இருக்கும் பெயர் இச்சிரோ ஷிராய். யோசனை தலைவருடையது, புடைப்பையும் ரப்பரையும் பொருத்தி அதை ஓட வைத்தது இன்னொரு பொறியாளர் என்று நான் ஊகிக்கிறேன். பெரிய மனிதர்களின் கதைகளில் இப்படி ஒரு ஷிராய் எப்போதும் ஓரமாக நிற்பார்.

1982 ஜூன் 3. ஆரஞ்சு நிற ‘டாங்கி காங்’ வந்தது. இடது கட்டைவிரலுக்குச் சிலுவை, வலது கட்டைவிரலுக்குக் குதிக்கும் பட்டன். தச்சன் ஏணி ஏறினான்.

இதோடு சுபம் போட்டுவிடலாம்தான். ஆனால் அதே கம்பெனியில், வேறொரு பிரிவில், மசாயுகி உவெமுரா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவரிடம் யமவுச்சி கேட்டிருந்தது வீட்டு டிவியில் செருகி விளையாடும் பெட்டி. பின்னாளில் ‘ஃபேமிகாம்’ என்று பெயர் வாங்கப்போகிற பெட்டி. சில்லு தயாராகிக்கொண்டிருந்தது. படம் திரையில் ஓடியது. கையில் என்ன கொடுப்பது என்பதுதான் தீரவில்லை. டிவி விளையாட்டு என்றால் ஜாய்ஸ்டிக் என்பது அன்றைக்கு வேதவாக்கு. உவெமுராவுக்கோ ஜப்பானிய வீடு கண்முன்னால் வந்தது. விளையாடுகிறவர்கள் தத்தாமிப் பாய் விரித்த தரையில் உட்காருவார்கள். முடித்ததும் கையில் இருப்பதை அப்படியே தரையில் போட்டுவிட்டு எழுந்து ஓடுவார்கள். அடுத்து வருகிறவன் மிதிப்பான். ஜாய்ஸ்டிக் முறியும். குழந்தையின் காலில் வேறு குத்தும்.

அப்போது அவர் குழுவில் இருந்த தகாவோ சவானோ ஒரு யோசனை சொன்னார். பக்கத்துப் பிரிவின் சிலுவைப் பட்டனையே இங்கே வைத்தால் என்ன?

உவெமுராவுக்கு நம்பிக்கை வரவில்லை. நியாயம்தான். ‘டாங்கி காங்’கில் திரையும் பட்டனும் ஒரே கைக்குள் இருந்தன. விரல் தடுமாறினால் கண் அரை அங்குலம் இறங்கிப் பார்த்துக்கொள்ளும். இங்கே திரை அறையின் அந்தக் கோடியில், டிவியில். விரல் இந்தக் கோடியில், மடியில். கண் இவ்வளவு தூரம் போன பிறகும் கட்டைவிரலுக்கு வழி தெரியுமா?

வாதாடிப் பயனில்லை. ‘கேம் அண்ட் வாட்ச்’ பட்டனை எடுத்தார்கள், ஒயர் இழுத்து, பாதி முடிந்திருந்த ஃபேமிகாமோடு இணைத்தார்கள். டிவியைப் போட்டார்கள்.

உவெமுரா அதைக் கையில் வாங்கினார். கண்ணை டிவியில் வைத்தார். இடது கட்டைவிரல் சிலுவை மேல்.

என்ன ஆனது?

அடுத்த வாரம். கூடவே இன்னொன்றும் காத்திருக்கிறது. எல்லோரும் இடது கட்டைவிரலைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். வலது கட்டைவிரலுக்கு இவர்கள் வைக்கப்போவது சதுரமான ரப்பர் பட்டன். பெட்டி கடைக்குப் போன பிறகு, குழந்தைகள் உற்சாகமாகக் குத்தக் குத்த, அந்தச் சதுரத்தின் மூலை சட்டத்தில் மாட்டும். உள்ளே போன பட்டன் வெளியே வராது.